ராஜாளிக்கும் ஒரு கையேடு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

கணிப்பொறி எப்படி விழிக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பொத்தானை அழுத்துகிறோம்; திரை ஒளிர்கிறது; வேலையைத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் மின்சாரம் பாய்ந்த அந்த முதற்கணத்தில் லினக்ஸ் இல்லை, திரை இல்லை, கோப்பு இல்லை. ஏன், பெரிய நினைவகம்கூட இன்னும் பயன்படும் நிலைக்கு வரவில்லை. ஒன்றுமில்லாத அந்த நிலையிலிருந்து ஓர் இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலை எழுப்பி நடக்க வைப்பது பூட்லோடர் என்னும் சிறு நிரல். தன் காலணியின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற ஆங்கில வழக்கிலிருந்து வந்த பெயர் அது. பெயர் வேடிக்கையானது, வேலை வேடிக்கையன்று.

நான் இங்கே எடுத்துரைக்க விரும்புவது பூட்லோடரின் பெருமையை அன்று. அதைப் பற்றி எழுதிவைக்கப்படும் கையேட்டின் பெருமையை. நிரல் எழுதுகிறவனைக் கொண்டாடுகிறோம். அந்நிரலை இன்னொருவன் இயக்கும் வண்ணம் விளக்கி எழுதுகிறவனைக் கொண்டாடுவாரில்லை. 'அது குமாஸ்தா வேலை' என்று நினைப்போரும் உண்டு. இந்த எண்ணம் தவறு என்பதற்கு, பூட்லோடர் உலகிலிருந்தே ஒரு சான்று காட்டுகிறேன்.

சிறு கருவிகளில் இயங்கும் பூட்லோடர்களில் புகழ்பெற்றது யூ-பூட். மேக்னஸ் டாம் என்பவர் எழுதியிருந்த நிரலை அடித்தளமாகக் கொண்டு, ஜெர்மானியப் பொறியாளர் வொல்ஃப்காங் டெங்க் 2000-ஆம் ஆண்டில் பி.பி.சி. பூட் என்ற பெயரில் இதை வெளியிட்டார். பவர்-பி.சி. வகைச் சில்லுகளுக்கென்று பிறந்தது, பிற சில்லுகளையும் தழுவி வளர்ந்தமையால் 2002-இல் யூ-பூட் எனப் பெயர் மாறியது. ஜெர்மன் மொழியில் யூ-பூட் என்றால் நீர்மூழ்கிக் கப்பல். கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடந்து வேலை செய்யும் நிரலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? டெங்க் 2022-இல் மறைந்தார். அவர் தொடங்கியதை உலகெங்குமுள்ள பொறியாளர்கள் இன்றும் திருத்தி வளர்த்து வருகிறார்கள். மூலநிரல் யாவருக்கும் திறந்தே கிடக்கிறது.

இனி அதன் வேலையைப் பார்ப்போம். நம் துறை ஆய்வகத்தில் இருக்கும் பீகிள்போன் பிளாக் என்ற போர்டையே எடுத்துக்கொள்வோம். 2013-இல் வெளிவந்த, உள்ளங்கையில் அடங்கும் முழுக் கணிப்பொறி அது. மின்சாரம் வந்தவுடன், சில்லு செய்த தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட ஒரு மாறா நிரல் முதலில் கண் திறக்கிறது. அது எஸ்.டி. கார்டில் 'எம்.எல்.ஓ.' என்ற பெயருள்ள கோப்பைத் தேடிச் சில்லின் உள்ளேயே இருக்கும் குட்டி நினைவகத்தில் ஏற்றுகிறது. அங்கே ஏற்றக்கூடிய அளவு 109 கிலோபைட்தான். போர்டில் 512 மெகாபைட் நினைவகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை யாராவது எழுப்ப வேண்டுமே! முழு யூ-பூட்டோ 109 கிலோபைட்டுக்குள் அடங்காது. ஆகவே யூ-பூட்டிலிருந்தே நறுக்கி எடுத்த ஒரு சிறு துண்டை முன்னே அனுப்புகிறார்கள். எஸ்.பி.எல். என்பது அதன் பெயர். அது போய்ப் பெரிய நினைவகத்தை எழுப்புகிறது. பிறகு முழு யூ-பூட்டை அங்கே கொண்டுவந்து வைக்கிறது.

முழு யூ-பூட் நம்மோடு பேசும். சீரியல் கேபிளை இணைத்துப் பார்த்தால், தான் யார், எந்தச் சில்லு, எவ்வளவு நினைவகம் என்றெல்லாம் சொல்லும். 'ஏதாவது ஒரு விசையை அழுத்தினால் நிற்கிறேன்' என்று சில வினாடிகள் எண்ணிக் காத்திருக்கும். நிறுத்தினால் நம் கட்டளைகளைக் கேட்கும். நிறுத்தாவிட்டால், கெர்னலையும், போர்டில் என்னென்ன உறுப்புகள் எங்கெங்கே உள்ளன என்று விவரிக்கும் டிவைஸ் ட்ரீ என்ற பட்டியலையும் நினைவகத்தில் ஏற்றும். அப்பட்டியலில் கெர்னலுக்கான ஆணைகளை எழுதிச் சேர்க்கும். கெர்னலிடம் ஆட்சியை ஒப்படைக்கும். அத்துடன் அதன் வாழ்வு முடிந்தது.

இவ்வளவும் நடக்கச் சில வினாடிகள் ஆகின்றன. சில வினாடிதானே என்று நாம் சொல்லலாம். கார் ஓட்டுகிறவர் சொல்ல மாட்டார். அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய சிறு வாகனங்கள் அனைத்திலும் பின்புறக் காட்சி கட்டாயம். பின்னோக்கி நகரத் தொடங்கி இரண்டு வினாடிக்குள் படம் திரைக்கு வந்தாக வேண்டும் என்பது விதி. வண்டியை எடுத்தவுடனேயே பின்னால் தள்ளுகிறவரும் உண்டல்லவா? வண்டிக்குப் பின்னே நிற்கும் குழந்தைக்குக் கெர்னல் விழிக்கும் வரை காத்திருக்கத் தெரியாது.

இந்த அவசரத்துக்காகத்தான் ஃபால்கன் மோட் வந்தது. ஃபால்கன் என்றால் ராஜாளி. முழு யூ-பூட்டை எழுப்பாமல், அந்தச் சிறு எஸ்.பி.எல். துண்டே கெர்னலை ஏற்றி நேராக அதனிடம் தாவிவிடும். நடுவில் இருந்தவர் நீங்கிவிட்டார், வேகம் வந்துவிட்டது.

ஆனால் இங்கேதான் சிக்கல். கெர்னலுக்கு ஆணைகளை எழுதித் தந்தவர் அந்த நடு ஆள் அன்றோ? அவர் இல்லாவிட்டால் யார் எழுதுவது? ஆர்ம் சில்லில் 32-பிட் லினக்ஸ் கெர்னல் விழிக்கும்போது மூன்று ரெஜிஸ்டர்களைப் பார்க்கும். முதலாவதில் சுழி, இரண்டாவதில் போர்டு வகையின் எண், மூன்றாவதில், விவரப் பட்டியல் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரி. அந்த முகவரியில் சரியான பட்டியல் இல்லையேல் கெர்னல் இருட்டறையில் விழித்த குழந்தைபோல் ஆகிவிடும்.

யூ-பூட்காரர்கள் கண்ட தீர்வை நினைத்து வியக்கிறேன். நம் ஊர் வழக்கில் சொன்னால் அது ஓர் உயில்! முதலில் ஒருமுறை முழு யூ-பூட்டை எழுப்பு. 'எஸ்.பி.எல். எக்ஸ்போர்ட்' என்ற கட்டளையைக் கொடு. அது கெர்னலைத் தொடங்குவதற்கான எல்லா வேலைகளையும் செய்து, தாவ வேண்டிய கடைசிப் படியில் நின்றுவிடும். அந்நேரத்தில் ஆயத்தமாக இருக்கும் பட்டியலை அப்படியே படியெடுத்துக் கார்டிலோ வேறு நிலையான சேமிப்பிலோ எழுதிவை. அவ்வளவுதான். அடுத்த முறை மின்சாரம் வரும்போது எஸ்.பி.எல். அந்த உயிலை எடுத்துக் கெர்னல் எதிர்பார்க்கும் இடத்தில் வைத்துவிட்டுத் தாவும். எழுதியவர் இல்லாமலே அவருடைய ஆணை நிறைவேறும்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் உயிலுக்கே உரிய தொல்லைகளும் கூடவே வந்து சேரும். உயில் எழுதியபின் வீட்டுக்காரர் மனம் மாறினால்? முழு யூ-பூட்டில் போய்க் கெர்னலுக்கான ஆணைகளை நாம் மாற்றிச் சேமித்தாலும், ராஜாளிப் பாதையில் அந்த மாற்றம் எட்டிப் பார்க்காது. பழைய உயிலே செல்லும். மீண்டும் எக்ஸ்போர்ட் செய்தால்தான் புதியது நடைமுறைக்கு வரும். வேறொன்று: யூ-பூட் அந்தப் பட்டியலில் அந்தந்தப் போர்டுக்கு உரிய நெட்வொர்க் முகவரியையும் எழுதிச் சேர்ப்பது வழக்கம். ஒரு போர்டின் உயிலை முப்பது போர்டுகளுக்குப் படியெடுத்தால் முப்பதும் ஒரே முகவரியைச் சொல்லிக்கொண்டு வலையில் வந்து நிற்கும். ஒரு வகுப்பில் ஒரே பெயரில் முப்பது பேர் 'உள்ளேன் ஐயா' என்றால் ஆசிரியர் என்ன செய்வார்?

இவற்றில் எதையும் போர்டு நமக்குச் சொல்லாது. சொல்லக்கூடிய யூ-பூட்டைத்தான் நாமே விலக்கிவிட்டோமே! ஆக, என் கருத்தின் மையம் இதுதான்: பேசும் நடு ஆளை நீக்கிய இடத்தில், அவர் பேசியிருக்கக்கூடிய அத்தனையையும் எழுத்தில் வைக்க வேண்டும். வேகத்துக்காக வாயை அடைத்தவர், கையால் எழுதித் தரக் கடமைப்பட்டவர்.

யூ-பூட்காரர்கள் அக்கடமையைச் செய்திருக்கிறார்கள். மூலநிரலோடு சேர்த்தே ஃபால்கனுக்கென்று தனிக் குறிப்பு ஒன்றை வைத்திருக்கிறார்கள். என்ன தேர்வுகளை இயக்கித் தொகுக்க வேண்டும், எந்த வரிசையில் கட்டளைகளைத் தர வேண்டும், போர்டு செய்தவர் எந்தச் செயற்கூற்றைத் தாமே எழுதித் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் உள்ளன. யூ-பூட்டுக்குப் போவதா, நேராகக் கெர்னலுக்குப் போவதா என்று முடிவு செய்யும் 'எஸ்.பி.எல். ஸ்டார்ட் யூ-பூட்' என்ற செயற்கூறு அப்படிப்பட்டது. அது சுழியைத் திருப்பினால் கெர்னல். ஒன்றைத் திருப்பினால் யூ-பூட். பெயரைப் படித்து யோசித்தால் புரிந்துவிடும்; ஆனால் 'சுழி என்றால் ஒன்றுமில்லை' என்று எண்ணுகிறவர் தலைகீழாக எழுதிவிடுவார். கையேட்டின் ஒரே வரி அந்த விபத்தைத் தடுக்கிறது.

இன்னொரு நயமும் உண்டு. போர்டு செய்தவர் அந்தச் செயற்கூற்றை எழுத மறந்தால் என்னாகும்? மூலநிரலில் அதற்கும் ஒரு மாற்று உள்ளது. 'உங்கள் போர்டுக்கு இதை எழுதுங்கள். நேரடித் தொடக்கம் இயக்கத்தில் இல்லை' என்ற பொருள்பட இரண்டு வரிகளைச் சீரியலில் அச்சிட்டுவிட்டு, பத்திரமான வழியாகிய யூ-பூட்டையே அது தேர்ந்தெடுக்கும். மறதிக்காரனைத் திட்டாமல் கைப்பிடித்து அழைத்துப்போகும் இரண்டு வரிகள். அதை எழுதியவர் யாரோ, நல்ல ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும்.

நல்ல கையேடு எப்படி இருக்கும் என்பதற்கு வேறோர் உதாரணமும் காட்டத் தோன்றுகிறது. ஆர்ம் சில்லில் லினக்ஸைத் தொடங்குவது பற்றி ரஸ்ஸல் கிங் என்பவர் 2002 மே மாதம் எழுதிய சிறு குறிப்பு, பின்வந்த திருத்தங்களோடு, கெர்னலின் ஆவணங்களில் இன்றும் இருக்கிறது. பூட்லோடர் செய்ய வேண்டியவற்றைப் படிப்படியாகச் சொல்லும் அவர், படிக்குப் படி 'ஏற்கெனவே உள்ள பூட்லோடருக்கு இது கட்டாயமா?', 'புதிதாக எழுதப்படும் பூட்லோடருக்குக் கட்டாயமா?' என்று தனித்தனியே குறித்திருக்கிறார். பழையவர்களை வதைக்காமல் புதியவர்களுக்கு ஒழுங்கு கற்பிக்கும் முறை! நம் கல்லூரி விதிகளைக்கூட இப்படி எழுதினால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. (முதல்வர் ஐயா பொறுத்தருள்க.)

'மூலநிரலே கையிலிருக்கும்போது கையேடு எதற்கு? படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. தேர்ந்தவர்களின் கேள்வி அது. நிரல் தான் செய்வதைச் சொல்லும். ஏன் செய்கிறது என்பதைச் சொல்லாது. செய்யாமல் விட்டதை ஒருபோதும் சொல்லாது. 'உயிலை மறுபடி எழுது' என்ற எச்சரிக்கை எந்த நிரல் வரியிலும் இருக்க முடியாது. ஏனெனில் அதைச் செய்ய வேண்டியது நிரலன்று, மனிதன்.

'கையேடு பழையதாகிப் போகும். பொய் சொல்லும் கையேட்டைவிடக் கையேடே இல்லாதது மேல்' என்பது இன்னொரு வாதம். இதில் உண்மை இருக்கிறது. மருந்தும் இருக்கிறது. குறிப்பு நிரலோடு ஒரே இடத்தில் குடியிருந்தால், நிரலைத் திருத்துகிறவர் குறிப்பையும் திருத்துவார். திருத்தாவிட்டால் சரிபார்க்கிறவர் கேட்பார். ஃபால்கன் குறிப்பு தொடக்கத்தில் ஒரு சாதாரண எழுத்துக்கோப்பாக இருந்தது. பிற்காலத்தில் யூ-பூட்டின் ஒழுங்கான ஆவணத் தொகுதிக்குள் குடிமாறியது. உயிருள்ள எழுத்து இடம் மாறும். செத்த எழுத்து கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் கொத்தனார். அவர் தொழிலில் எழுத்து இல்லை, தேவையுமில்லை. சித்தாளாகக் கூட நிற்கும் பையன் தூக்குக்குண்டு எப்படிப் பிடிப்பது, கலவை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பார்த்தே கற்றுக்கொள்வான். பார்க்க முடிகிற தொழிலுக்குப் பார்வையே பாடம். ஆனால் ஒரு வினாடிக்குள், ஒரு கறுப்புச் சில்லின் வயிற்றுக்குள் நடந்து முடிந்துவிடும் தொழிலை எந்தக் கொத்தனார் பக்கத்தில் நின்று பார்ப்பது? பட்டணத்தில், படித்த வீட்டில் பிறந்தவனுக்கு அண்ணனோ மாமாவோ இருப்பார். 'டேய், அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே கரண்ட் கொடு' என்று சொல்லிவிடுவார். பீகிள்போனில் எஸ்.டி. கார்டிலிருந்து தொடங்க வேண்டுமானால் அப்படித்தான் செய்ய வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் சொல்ல ஆளில்லாதவனுக்கு அந்தச் சின்ன விஷயமே பூட்டிய கதவு. எங்களைப் போன்றோருக்கு எழுதிவைத்த தாள்தான் அண்ணன், அதுதான் மாமா. ஆகையால்தான் கையேடு எழுதுவதைக் குமாஸ்தா வேலை என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

நம் துறை அலமாரியில் அடுக்கியிருக்கும் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பாருங்கள். தங்க எழுத்தில் தலைப்பு. இரண்டு பக்கம் நன்றியுரை. பத்துப் பக்கம் கணிப்பொறியின் வரலாறு. அந்தப் பொத்தானைப் பற்றி ஒரு வரி இருக்காது. ரிப்போர்ட் எழுதிய அண்ணன்மார்கள் பட்டம் பெற்றுப் போனபின், அவர்கள் இயக்கிய போர்டு தூசி படிந்து கிடக்கிறது. மூத்தவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. மதிப்பெண் எதற்குக் கிடைக்கிறதோ அதைத்தானே எழுதுவார்கள்? 'அடுத்த ஆண்டு மாணவன் ஒருவன், யாரையும் கேட்காமல், இந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு போர்டை இயக்கிக் காட்டினால் பத்து மதிப்பெண்' என்று விரிவுரையாளர்கள் ஒரு விதி வைத்துப் பார்க்கட்டும். தங்க எழுத்து குறையும், பொத்தான் வந்துவிடும்.

வகுப்பறைக் குறிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜான் லயன்ஸ் சாட்சி. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியரான அவர், தம் மாணவர்களுக்காக யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கெர்னலை வரிவரியாக விளக்கிக் குறிப்பு எழுதினார். 1977-இல் முழுமை பெற்ற அந்நூலை, யூனிக்ஸின் உரிமையாளர்கள் பின்னர் விதித்த கட்டுப்பாட்டால், வகுப்பில் பாடமாக நடத்த முடியாத நிலை வந்தது. ஆனாலும் நகலின் நகலாக உலகெங்கும் அது கைமாறியது. முறைப்படி அச்சேறியது 1996-இல்தான். ஒரு வகுப்பு ஆசிரியரின் குறிப்பு அது என்பதை நம் ஆசிரியர்கள் அருள்கூர்ந்து கவனிக்க வேண்டும்.

தமிழில் எழுதலாமா என்றால், எழுதத்தான் வேண்டும் என்பேன். ஆங்கிலக் குறிப்பை ஒதுக்க வேண்டும் என்பதன்று. கட்டளைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பிழைச் செய்திகளும் அப்படியே. ஆனால் 'ஏன்' என்ற பகுதி தாய்மொழியில் இருந்தால் முதல் நாளிலேயே மனத்தில் ஏறுகிறது. கெர்னலைக் கெர்னல் என்றே சொல்லிக்கொண்டு, உயிலை உயில் என்று சொல்லலாமே. சொல்லுக்குச் சொல் புதுச் சொல் படைக்கக் காத்திருந்தால் போர்டு துருப்பிடித்துவிடும்.

அதேசமயம் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆய்வகத்துக்கு ராஜாளி வேண்டியதில்லை. கற்கிறவனுக்கு முழு யூ-பூட்டே நல்ல துணை. அது காத்திருக்கும், கேட்டால் சொல்லும், தவறினால் திருத்தும். சில வினாடி மிச்சப்படுத்தி நாம் எந்தக் காரைப் பின்னே தள்ளப் போகிறோம்? ஒருமுறை செய்து பார்த்து, எப்படி நடக்கிறது என்று எழுதிவைத்துவிட்டு, பழைய பாதைக்கே திரும்பிவிடலாம்.

அப்படி எழுதும் குறிப்பில் முதலில் இருக்க வேண்டியது, எவ்வாறு வெற்றி பெறுவது என்பதன்று. எவ்வாறு திரும்பி வருவது என்பது. இந்தப் போர்டுக்கான நிரலில், எஸ்.பி.எல். விழித்திருக்கும் அந்தச் சிறு நேரத்தில் சீரியலில் ஆங்கில 'சி' எழுத்தை அனுப்பினால், அது ராஜாளிப் பாதையை விட்டு முழு யூ-பூட்டுக்குப் போய்விடும். கெர்னல் கோப்பு சரியாக இல்லாவிட்டாலும் யூ-பூட்டே வரும். ஆனால் கெர்னல் நன்றாக இருந்து, உயில் மட்டும் தவறாக இருந்தால் எஸ்.பி.எல்.லுக்கு அது தெரியாது, தாவிவிடும். அப்போது கார்டின் தவறான பகுதியைத் தேடி நிற்கும் கெர்னலாவது சீரியலில் ஏதேனும் புலம்பும். உயிலில் சீரியல் வழியின் பெயரே தவறாக இருந்தால் அந்தப் புலம்பலும் கேட்காது; எஸ்.பி.எல். அச்சிட்ட வரிக்குப் பின் வெறும் மௌனம். இந்த மூன்று நிலைகளுக்கும் அடையாளங்களை ஒரே பக்கத்தில் எழுதி, போர்டின் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். வேறு வகைப் போர்டு வைத்திருக்கும் மூன்றாம் ஆண்டு நண்பர்கள், அதற்கான பக்கத்தை எழுதி அதனருகே ஒட்டலாம். மூடியில் இன்னும் பாதி இடம் இருக்கிறது.